வீல்சேர் வாங்கும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

சேலம் குகையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சைக்கிளுக்கு அடுத்தபடியாகக் கடைக்கு வருவது வீல்சேர்தான். வருவதில் பல வண்டிகளுக்கு ரிப்பேரே கிடையாது, உட்காருகிற ஆளுக்கு அளவு சேரவில்லை, அவ்வளவுதான். "அண்ணா, அம்மா ஒரு பக்கமாவே சாயுறாங்க, சீட்டு கோணலான்னு பாருங்க" என்பார்கள். சீட்டு நேராகத்தான் இருக்கும். 16 இஞ்ச் உடம்புக்கு 18 இஞ்ச் வண்டியை வாங்கியிருப்பார்கள்.

உட்காரப்போகிறவரைக் கெட்டியான பெஞ்சில் உட்கார வையுங்கள். இடுப்புக்கு இரண்டு பக்கமும் தடிமனான புத்தகம் ஒன்றை நிறுத்தி, இடைவெளியை அளந்தால் அகலம். அதற்கு மேல் ஒரு இஞ்ச் தாராளம். அகலம் கூடினால் கை சக்கரத்துக்கு எட்டாது. அப்புறம் முதுகுப்பக்கத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளந்து, இரண்டு இஞ்ச் கழித்தால் சீட்டின் ஆழம். கழிக்காவிட்டால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். ஆள் வழுக்கி வழுக்கி முன்னால் வந்துவிடுவார். கால் பலகைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு இஞ்சாவது இருக்கட்டும்.

அதே டேப்பால் வீட்டுக் கதவையும் அளந்துவிடுங்கள். 16 இஞ்ச் சீட் வண்டிக்கே, தள்ளும் வளையத்தோடு சேர்த்தால் வெளி அகலம் இரண்டடியைத் தொட்டுவிடும். இரண்டடிப் பாத்ரூம் கதவில் அது போகாது. அதற்குச் சின்னச் சக்கரம் வைத்த கமோட் நாற்காலி தனியாக வாங்குவதுதான் வழி.

இனி சக்கரம். தானே தள்ளிக்கொள்பவருக்குப் பின்சக்கரம் 24 இஞ்ச் வேண்டும். எப்போதும் இன்னொருவர்தான் தள்ளுவார் என்றால் 12 இஞ்ச் போதும், ஆட்டோவில் ஏற்றவும் சுலபம். கெட்டி ரப்பர் டயர் பஞ்சர் ஆகாது, வீட்டுக்குள் நல்லது. ஆனால் நம் தெருவில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். வெளியே போகிறவர்களுக்கு நான் காற்று டயர்தான் சொல்வேன். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீல்சேரின் 24-க்கு 540 என்று இருக்கும். கியர் சைக்கிளின் 24-க்கு 507. இரண்டும் 24-தான், ஒன்று மற்றதன் ரிம்மில் உட்காராது. இன்னொன்று, பிரேக் டயர் மேல்தான் அழுந்துகிறது. காற்று குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது.

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் சரியில்லை. பழைய வண்டியில் சுற்றவே மாட்டேன் என்றால், அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும். எங்கள் பக்கம் தறி வீடுகள் அதிகம். முன்சக்கரத்தைக் கழற்றினால் பட்டு இழை கலர் கலராக வரும். பிளேடால் கீறி எடுத்து, கொஞ்சம் கிரீஸ் வைத்தால் ஓடும்.

ஏற்காடு ஆட்கள் தள்ளுகிறவர் கைப்பிடியிலும் பிரேக் இருக்கிற வண்டியாகப் பாருங்கள். செங்குத்தான இறக்கத்தில் வண்டியைத் திருப்பி, உட்கார்ந்திருப்பவர் முகம் மேட்டைப் பார்க்க, தள்ளுகிறவர் பின்னோக்கி இறங்குவதுதான் பத்திரம். மேடு ஏறும்போது பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரமும் போட்டுவிடுங்கள். முதுகுப்பக்கம் கனமான பையை மாட்டாதீர்கள், வண்டி மல்லாந்துவிடும்.

கைத்தாங்கி கழற்றுகிற மாதிரி இருந்தால் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளலாம். தட்டு, குடை மாட்டும் கம்பியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சீட்டின் மேல் போடும் மெத்தையில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். நாள் முழுக்க உட்காருகிறவருக்கு, அதுவும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு, வெறும் ரெக்சின் சீட்டில் புண் வந்துவிடும். அவர் மெத்தையில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து மெத்தைக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். உட்காரும் எலும்பு விரல்களை நசுக்கினால் அந்த மெத்தை போதாது. உறை காற்றோட்டமாக இருக்கட்டும். சேலத்து வெயிலில் வியர்வையே பாதிப் புண்ணைக் கொண்டுவரும். நல்ல மெத்தை போட்டாலும் அடிக்கடி முன்னால் குனிந்தோ, கையை ஊன்றி எழும்பியோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மெத்தை போட்டதும் உயரம் கூடும், கால் பலகையை மறுபடி சரிசெய்யுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வாங்குவதானாலும், அடையாள அட்டையோடு இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள்.