காலில் ஃபிளாப் வைக்கும் முன் அல்ட்ராசவுண்ட் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும்படி தோல் போன இடத்தை, பக்கத்துத் தோலையே திருப்பி மூடும் ஃபிளாப் சிகிச்சையில், அந்தத் தோலின் உயிர் ஆழத்திலிருந்து மேலேறி வரும் பெர்ஃபரேட்டர் எனும் மெல்லிய கிளைத் தமனியிலும் அதனுடன் வரும் சிரையிலும் இருக்கிறது. நோயாளியின் படுக்கையருகிலேயே, இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் அல்ட்ராசவுண்டான கலர் டாப்ளரில் அதைத் தேடித் தோலில் குறிக்கலாம். ஆனால், அவசரமாகப் பார்த்து இட்ட குறி, பார்க்காமல் விடுவதைவிட ஆபத்தானது என்பேன், ஏனெனில் கத்தி அதை நம்பித்தான் இறங்குகிறது.

நான் அதிகம் காணும் தவறு, தோலின் மேல் வைத்துப் பார்க்கும் கருவிமுனையான புரோபை அழுத்திப் பிடிப்பது. ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள நாளம் சிறு அழுத்தத்திலும் மூடிக்கொள்ளும். சிரை அதற்கும் முன்பே மறைந்துவிடும். ஜெல்லைத் தாராளமாக இட்டு, சுண்டுவிரலை நோயாளியின் காலில் ஊன்றிக்கொண்டு, புரோபுக்கும் தோலுக்கும் இடையே ஜெல் கறுப்புப் பட்டையாகத் திரையில் தெரியும் அளவுக்குக் கையைத் தளர்த்தினால், சற்று முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் சிவப்புப் புள்ளி துடிக்கத் தொடங்கும். கருவியில் பெரிய தமனிக்கு வைத்த ஓட்ட வேக அளவை அப்படியே விட்டுவிடுவதும் இதே போலத்தான்: அளவைக் குறைத்தால்தான் மெதுவான ஓட்டம் நிறம் பெறும்.

படம் காட்டாமல் ஓட்டத்தை ஒலியாக மட்டும் தரும் பென்சில் டாப்ளரின் ஒலியை மட்டும் நம்பக் கூடாது. கணுக்காலுக்கு அருகில், காலின் பின்புறமாக இறங்கும் பெரிய தமனியான பின் டிபியல் தமனி ஆழமின்றி ஓடுவதால், கேட்பது பெரும்பாலும் அதன் ஒலியாகவே இருக்கக்கூடும். நாளம் தசையை மூடியுள்ள சவ்வான தசையுறையைத் துளைத்து வருவதைக் கண்ணால் பார்த்து, துளைக்கும் அந்தப் புள்ளியையே குறிக்க வேண்டும். சாய்வாக ஏறும் நாளம் தோலை எட்டும் இடம் வேறு. மல்லாந்த நிலையில் இட்ட குறி, அறுவை மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் தோலோடு நகர்ந்துவிடும் என்பதால், அறுவையின்போது கால் இருக்கப்போகும் நிலையிலேயே குறிப்பது அவசியம்.

பாத மேற்புறத்தில் நாடி தட்டுகிறது என்பதால் காலின் முன்புறமாக இறங்கும் முன் டிபியல் தமனி நலமாக உள்ளது என்று எண்ணிவிடாதீர்கள். அது அறுந்திருந்தாலும், பின் டிபியல் தமனியிலிருந்து, உள்ளங்காலில் தமனிகள் இணையும் வளைவு வழியே இரத்தம் பின்னோக்கி வந்து நாடியைத் தரும். கணுக்காலின் உட்புறத்தில் பின் டிபியல் தமனியை விரலால் அழுத்தியபடி பாத மேற்புறத்தை டாப்ளரில் பார்த்தால், அந்த ஓட்டம் நிற்பதே உண்மையைச் சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும், ஃபிளாப்பின் ஒரு விளிம்பை மட்டும் முதலில் திறந்து, குறித்த நாளத்தை நேரில் கண்டு, அதன் துடிப்பைப் பார்த்த பின்னரே மறு விளிம்பை வெட்டுகிறேன்.