ஆங்கிலத்தில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த வினை? தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பெறாமகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது, இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியங்கள் ஆங்கிலமாக ஒலிக்காத ஒரு சிக்கலை இருவருமாகத் தீர்த்தோம். அதற்குக் கைகொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். காலங்களும் எழுவாய்ப் பொருத்தமும் உங்களுக்கு ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலச் சொற்களை யாழ்ப்பாணத்தில் நாம் உச்சரிக்கும் விதத்திலேயே தந்திருக்கிறேன்.

முதலில் நம்முடைய பேச்சையே கவனியுங்கள். தேத்தண்ணி போடுகிறோம், சத்தம் போடுகிறோம், குளிசை போடுகிறோம், லைற் போடுகிறோம். சண்டையை மட்டும் பிடிக்கிறோம். இவற்றை யாரும் நமக்கு விதியாகச் சொல்லித் தரவில்லை. பெயர்ச்சொல்லே தனக்குரிய வினையைத் தெரிந்துகொள்கிறது. ஆங்கிலமும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அங்கே தெரிவு வேறு: தேத்தண்ணிக்கும் சத்தத்துக்கும் ‘மேக்’, குளிசைக்கு ‘ரேக்’, லைற்றுக்கு ‘சுவிச் ஒன்’. ஆங்கிலம் படிக்கும் ஆசிய மாணவர்களுக்கு இது பெரிய இடர் என்பதை உணர்ந்த ஹரல்ட் பாமர் என்ற ஆங்கிலேயர், 1933ஆம் ஆண்டிலேயே டோக்கியோவில் இத்தகைய சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கையாக வெளியிட்டார்.

முதற்படி: ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, உங்கள் அன்றாட வாழ்வில் வரும் பெயர்ச்சொற்களை மட்டும் இடப்பக்கத்தில் எழுதுங்கள். வினைச்சொல்லிலிருந்து தொடங்கும் நீண்ட பட்டியல்களைப் பாடமாக்குவதை நான் விரும்புவதில்லை. பேசும்போது நமக்கு முதலில் மனதில் வருவது ‘கூட்டம்’, ‘மருந்து’, ‘கனவு’ போன்ற பொருள்தான். அதற்குரிய வினையைத்தான் தேடித் தடுமாறுகிறோம்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பெயருக்கும் அருகில் தமிழ் வினையையும், அதற்கு அடுத்ததாக ஆங்கில வினையையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடங்களைக் கண்டு மகிழ்வீர்கள். படம் எடுப்பது ‘ரேக் எ பொட்டோ’, தடிமன் பிடிப்பது ‘கச் எ கோல்ட்’, கவனம் செலுத்துவது ‘பே அற்றென்ஷன்’. கட்டணம் செலுத்துவதற்கும் கவனம் செலுத்துவதற்கும் இரு மொழிகளும் ஒரே வினையைப் பயன்படுத்துவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இவற்றைப் பாடமாக்கத் தேவையில்லை. ஒத்துப்போகாதவற்றின் கீழ் மட்டும் சிவப்புப் பேனையால் கோடிடுங்கள். கனவு காண்கிறோம், ஆங்கிலத்தில் ‘ஹாவ் எ ட்ரீம்’. மருந்து குடிக்கிறோம், ‘ரேக் மெடிசின்’. பொய் சொல்கிறோம், ‘ரெல் எ லை’ என்பதே சரி, ‘சே’ அங்கே வராது. கூட்டம் வைக்கிறோம், ‘ஹோல்ட் எ மீற்றிங்’.

மூன்றாம் படிதான் பெரும்பாலானோரை நிறுத்திவிடுகிறது: ‘மேக்’, ‘டூ’ ஆகிய இரண்டையும் பிரித்தறிவது. நம்முடைய ‘செய்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால், தமிழில் யோசித்து எழுதுபவருக்கு எந்தத் தடயமும் கிடைப்பதில்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கினால் ‘மேக்’, ஒரு வேலையில் ஈடுபட்டால் ‘டூ’ என்று வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். கேக், தேத்தண்ணி, சட்டை போன்றவற்றுக்கு அந்த விதி பொருந்தும். ஆனால் படுக்கையை விரித்துச் சீராக்குவது ‘மேக் த பெட்’ என்று வரும்போதும், சேதம் உண்டாக்குவது ‘டூ டமேஜ்’ என்று வரும்போதும் அது கைவிட்டுவிடும்.

ஆகவே இந்த இரண்டுக்கும் எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். எங்கள் கொப்பியில் ‘மேக்’ பக்கத்தில் டிசிஷன், சஜெஷன், கொம்ப்ளெயின்ற், ப்ரொமிஸ், மிஸ்ரேக், எஃபர்ட், ஃபோன் கோல், நொய்ஸ் ஆகியவையும், ‘டூ’ பக்கத்தில் ஹோம்வேர்க், ஹவுஸ்வேர்க், ஷொப்பிங், வோஷிங், எக்ஸசைஸ், ரிசேர்ச், ஃபேவர், டமேஜ் ஆகியவையும் இருக்கின்றன. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு தென்படும். தீர்மானித்தல், ஆலோசனை கூறுதல், முறையிடுதல், வாக்குறுதி கொடுத்தல் என மனத்தாலும் வாயாலும் நிகழும் செயல்களிலிருந்து பிறந்த பெயர்கள் பெரும்பாலும் ‘மேக்’ பக்கம் சேர்கின்றன; பன்மை ஏற்காத வேலைப் பெயர்களும் ‘இங்’ என்று முடியும் பெயர்களும் பெரும்பாலும் ‘டூ’ பக்கம் சேர்கின்றன. விதிவிலக்குகள் உண்டு: அட்வைஸ் என்பதற்கு ‘கிவ்’ வரும், டிஸ்கஷன் என்பதற்கு ‘ஹாவ்’ வரும். ஆயினும், வகுப்பில் சொல்லப்படும் விதியைவிட இந்தப் பிரிப்பு கூடுதலான சொற்களுக்குப் பொருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

எழுதும்போது ‘எ’ என்ற சுட்டையும் சேர்த்தே எழுதுங்கள். ‘மேக் எ மிஸ்ரேக்’ என்பதில் அது உண்டு; ‘மேக் ப்ரொக்ரஸ்’, ‘டூ டமேஜ்’, ‘பே அற்றென்ஷன்’ ஆகியவற்றில் அது இல்லை. வினையையும் பெயரையும் மட்டும் படித்துவிட்டுச் சுட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதைத் தனியாக இன்னொரு முறை படிக்க நேரும்.

நான்காம் படி: ‘ஹாவ்’ என்பதற்கு ‘என்னிடம் இருக்கிறது’ என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அதை விடுங்கள். மதியச் சாப்பாடு, குளியல், ஓய்வு, அரட்டை ஆகியவற்றுடன் வரும்போது அது முழுமையான செயல்வினை. அதனால்தான் ‘ஐ ஆம் ஹாவிங் லஞ்ச்’ என்பது சரியாகிறது. உடைமைப் பொருளில் ‘ஐ ஆம் ஹாவிங் எ கார்’ என்பது பிழையாகிறது. ‘இங்’ சேரலாமா என்ற ஐயம் வந்தால், அது செயலா உடைமையா என்று கேட்டுப் பாருங்கள்.

சரிபார்ப்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பை நம்பியிருக்க வேண்டாம். அது ஒரு விடையைத் தரும், அதே பெயருக்கு வேறு எந்த வினைகள் வரும் என்பதைக் காட்டாது. ஒக்ஸ்ஃபோர்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட சொற்சேர்க்கை அகராதியையே நான் பரிந்துரைப்பேன். அதன் இரண்டாம் பதிப்பு 2009இல் வந்தது. பெயர்ச்சொல்லைத் தேடினால், அதற்கு முன்னால் வரும் வினைகள் ஒரு தொகுதியாகவும், பின்னால் வருபவை இன்னொரு தொகுதியாகவும் கிடைக்கும். இரண்டு வடிவங்களில் எது அதிகம் வழங்குகிறது என்று பார்க்க, நூல்களில் ஒரு சொற்றொடர் எவ்வளவு வருகிறது என்று காட்டும் இணையக் கருவியான கூகிள் என்கிராம் வியூவரில் இரண்டையும் காற்புள்ளியிட்டுத் தட்டச்சு செய்து, பிரித்தானிய ஆங்கிலத்தைத் தெரிவுசெய்யுங்கள். நம் பாடசாலைகளில் படிப்பிக்கப்படுவது பெரும்பாலும் அந்த வழக்கே.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர், ‘ரேக் எ டிசிஷன்’ என்று அரச அலுவலகக் கடிதங்களில் வருகிறதே, அது பிழையா என்று கேட்டார்கள். பிழையில்லை. பிரித்தானிய வழக்கில் அதுவும் உண்டு; ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தில் ‘மேக்’ என்பதே வழமை என்பதால், தொடக்கநிலையாளர் எங்கும் செல்லுபடியாகும் ‘மேக்’ வடிவத்தை எழுதுவதே பாதுகாப்பானது. சோதனை எடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ‘ரேக் அன் எக்ஸாம்’, ‘சிற் அன் எக்ஸாம்’ இரண்டும் சரியே. சோதனை எழுதுகிறோம் என்பதால் ‘றைற் அன் எக்ஸாம்’ என்று எழுதினால் பிரித்தானிய வாசகர் அதை வினாத்தாள் தயாரிப்பது என்று விளங்கிக்கொள்ளக்கூடும். ஆகையால் விண்ணப்பங்களில் முதல் இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.