கயாக்கில் அல்கோன்குயினுக்கு: வீட்டிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

டொரொண்டோவிலிருந்து வடக்கே மூன்றரை, நான்கு மணிநேரம் ஓடினால் அல்கோன்குயின் பூங்கா வரும். 1893இல் ஒதுக்கப்பட்ட காடு, 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. 60ஆம் நெடுஞ்சாலை அதன் தென்பகுதியை மட்டும் ஊடறுத்துப் போகிறது. மற்றதெல்லாம் ஏரி, ஆறு, பாறை, மரம். உள்ளே போக வேண்டுமென்றால் துடுப்புப் போட வேண்டும், அல்லது நடக்க வேண்டும். அங்குள்ள ஏரிகளில் பெரியது ஓப்பியோங்கோ. கயாக்கில், அதாவது மேல்தட்டு மூடிய ஒடுங்கிய துடுப்புப் படகில், போய்க் கூடாரம் அடிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடமும் அதுதான். படகைத் தலையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்கத் தேவையில்லை, ஏரிக்கரையிலேயே தங்குமிடங்கள் இருக்கின்றன.

எட்டு வருடமாகப் போய்வருகிறேன். ஏரியில் பட்ட கஷ்டங்களை எண்ணிப் பார்த்தால், அநேகமாக எல்லாமே வீட்டு ஹோலில், வெளிக்கிடும் முதல் நாள் இரவு, சாமான் கட்டும்போது செய்த பிழையிலிருந்து வந்தவை. அதனால் அந்த இரவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நனையாத பை என்று நம்புவது

முதல் பயணம் ஒரு மே மாத நீள்வார இறுதியில். கரைக்கு வந்து கூடாரம் அடித்து முடிய இருட்டிவிட்டது. மச்சான் தன் ஸ்லீப்பிங் பேக்கை வெளியே இழுத்தார். கால்பக்கம் பாரமாகத் தொங்கியது. கையால் பிழிந்தார், தண்ணீர் வடிந்தது. வெளியே இரண்டு, மூன்று டிகிரி குளிர். அன்றிரவு இரண்டு பேரும் ஒரே ஸ்லீப்பிங் பேக்கை விரித்து மேலே போர்த்திக்கொண்டு விடியும்வரை நடுங்கினோம்.

ஸ்லீப்பிங் பேக்கைக் கட்டிவந்த நனையாத பை நல்ல பைதான், விலையும் கொடுத்து வாங்கியதுதான். அதன் வாயை ஒரே ஒரு சுற்றுச் சுருட்டிக் கொக்கியை மாட்டியிருந்தோம். ட்ரை பேக் என்று விற்கும் பைகளுக்குக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும். அதற்கு முன் முழங்காலால் அமத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், வாயின் இரண்டு ஓரத்தையும் மடிப்பு விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். கழுத்துவரை அடைத்த பையில் மூன்று சுற்றுக்கு இடமே இருக்காது. அதுதான் பலருக்கும் நடக்கும் பிழை.

இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் குளியல் தொட்டியை நிரப்பி, பைகளுக்குள் ஒரு கிளீனெக்ஸ் தாளைப் போட்டுச் சுருட்டி, பத்து நிமிடம் தண்ணீருக்குள் அமத்திப் பிடிக்கிறேன். தாள் நனைந்தால் அந்தப் பை இனிச் சட்டி பானைக்கு மட்டும். ஸ்லீப்பிங் பேக்கையும் இரவு உடுப்பையும் தடித்த குப்பைப் பையில் போட்டு முறுக்கி, அதற்கு மேல்தான் ட்ரை பேக். இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் சூடே தராது, காட்டில் காய்வதும் இல்லை. புதிதாக வாங்குபவர்கள் செயற்கை நார் அடைத்ததை வாங்குவது நல்லது. கொஞ்சம் பருமன் கூட, ஆனால் ஈரம் பட்டாலும் ஓரளவு காப்பாற்றும்.

கயாக்கின் வாயை அளக்காமல் வாங்குவது

மேலே திறந்த வள்ளத்தில் (கனூ) போனவர்கள் கயாக்குக்கு மாறும்போது செய்யும் தவறு இது. வள்ளத்தில் பெரிய பயணப் பை ஒன்றைத் தூக்கிப் போட்டால் சரி. கயாக்கில் எல்லாம் மேல்தட்டில் மூடி போட்ட துவாரம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முன்பக்கத் துவாரம் பல கயாக்குகளில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலந்தான் இருக்கும். 60 லீட்டர் பை ஒன்றை வாங்கிவந்து கரையில் நின்று அமத்தித் தள்ளும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். 5 லீட்டர், 10 லீட்டர் பைகள் எட்டு, பத்து இருந்தால் மூலை முடுக்கெல்லாம் நிரப்பலாம். கூடாரத்தின் கம்பிகளைத் துணியிலிருந்து பிரித்து, கயாக்கின் ஒடுங்கிய நுனிக்குள் நீளவாட்டில் செருகலாம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் துவாரத்தின் அளவை முன்கூட்டியே கேட்டு, அட்டைப் பெட்டியில் அதே அளவுக்கு ஓட்டை வெட்டி, ஒவ்வொரு சாமானையும் அதற்குள் விட்டுப் பாருங்கள். அரை மணிநேர வேலை.

பாரம் வைக்கும் இடமும் முக்கியம். சாப்பாடு, தண்ணீர், அடுப்பு போன்ற பாரமான சாமான்கள் இருக்கைக்குக் கிட்ட, அடித்தட்டோடு ஒட்டி, இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். உடுப்பும் ஸ்லீப்பிங் பேக்கும் நுனிகளுக்கு. முன்பக்கம் பாரம் கூடினால் கயாக் காற்றுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் கூடினால் காற்றோடு போகும். ஓப்பியோங்கோ ஏரியின் தெற்குக் கிளையில் பின்னேரக் காற்று எழும்பினால் இந்த வித்தியாசம் தோள்மூட்டில் தெரியும். மேல்தட்டில் சாமான் கட்டவே கூடாது. காற்றைப் பிடிக்கும், கவிழ்ந்தால் மறுபடி ஏறவும் விடாது. வரைபடம், தண்ணீர் இறைக்கும் பம்ப், மேலதிகத் துடுப்பு, அவ்வளவுதான் மேலே.

தண்ணீரின் குளிரை மறப்பது

மே மாதம் வெயில் அடிக்கும், காற்று 20 டிகிரி இருக்கும். ஆனால் பனிக்கட்டி உருகி இரண்டு, மூன்று வாரந்தான் ஆகியிருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடலை வைத்து நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் சொன்ன கணக்கு 1-10-1. விழுந்ததும் மூச்சு வாரியடிக்கும், அது அடங்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரால் நினைவு தவற ஏறத்தாழ 1 மணிநேரம். அந்த முதல் நிமிடத்தில் தலையை மேலே வைத்திருப்பது உயிர்காப்பு அங்கிதான். கயாக்கில் ஆளுக்கொன்று இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். தயவுசெய்து அதைப் பின்னால் கட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். விழுந்தபின் பத்து நிமிடக் கைகளால் அதைப் பூட்ட முடியாது.

அதே சட்டப்படி விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு கலன் அல்லது பம்ப், இருட்டினால் டார்ச் ஆகியவையும் கயாக்கில் இருக்க வேண்டும். விசிலை அங்கியிலேயே கட்டிவிடுங்கள்.

ஜீன்ஸும் பருத்தி ஸ்வெட்டரும் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி, அல்லது ஓடுபவர்கள் போடும் செயற்கைத் துணி. கரைக்கு வந்ததும் மாற்ற ஒரு முழு உடுப்பு காய்ந்தபடி இருக்க வேண்டும், அதை எவ்வளவு ஆசை வந்தாலும் பகலில் தொடக்கூடாது.

சாப்பாடு

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறோம்.

“அதுக்கென்ன மச்சான், நாலு டின் மீனைப் போட்டாச் சரிதானே” என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள். அல்கோன்குயினின் உட்காட்டுக்குள் உணவு, குடிவகை எதையும் டின்னிலோ கண்ணாடிப் போத்தலிலோ கொண்டுபோகத் தடை இருக்கிறது. எரிபொருள், பூச்சி மருந்து, குளிசை போன்றவற்றின் கலன்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே டின் மீன் இல்லை, போத்தலில் வரும் சீனிச்சம்பலும் ஊறுகாயும் இல்லை. சம்பலை இறுக்கமாகத் திருகும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மீன் வேண்டுமென்றால் பையில் அடைத்த டூனா கடைகளில் கிடைக்கிறது.

அடுத்த தவறு, பச்சை அரிசியையும் பருப்பையும் அப்படியே கட்டிக்கொண்டு போவது. வீட்டில் குக்கர் இருக்கிறது. அங்கே இருப்பது ஒரு சின்ன காஸ் அடுப்பும், காற்றும். வெந்நீர் மட்டும் கொதிக்கவைக்கும் சமையலென்றால் 230 கிராம் காஸ் கலன் ஒன்று இரண்டு பேருக்கு மூன்று நாள் போதும். கடலை அவிக்கப் போனால் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். விறகை மூட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். மழை பெய்யலாம். கோடை வறட்சியில் தீ மூட்டவே தடை போட்டுவிடுவார்கள்.

பருப்பை வீட்டிலேயே சமைத்து உலர்த்துங்கள். நான் செய்வது இப்படி. மைசூர்ப் பருப்பை மஞ்சள், பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்புப் போட்டுக் குழைய அவிக்கிறேன். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் விடுவதில்லை. கொழுப்பு உலராது, இரண்டு நாளில் காறல் வாசம் அடிக்கும். ஆறியபின் பேக்கிங் தாளில் தோசைக் கனத்துக்குப் பரப்பி, ஓவனை அதன் மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி நீக்கலாக விடுகிறேன், ஈரம் வெளியே போக. மூன்று மணிநேரத்தில் ஓரம் சுருளும். அப்போது தாளை உரித்துப் புரட்டிப் போட வேண்டும். எல்லாமாக ஆறேழு மணிநேரம். கையில் எடுத்து மடித்தால் வளையாமல் அப்பளம்போல் டிக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். உடைத்துப் பையில் போட்டால் இரண்டு பேரின் இராச்சாப்பாடு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

காட்டில் கொதிநீர் ஊற்றி மூடி, துவாயால் சுற்றி இருபது நிமிடம் விட்டால் பருப்பு பழையபடி குழைந்து வரும். தேங்காய்ப்பால் பொடியை அப்போது கலக்கலாம். கடுகு, செத்தல் மிளகாய், கருவேப்பிலையைச் சிறிய பொட்டலமாகக் கொண்டுபோய், ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து மேலே ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். நாள் முழுக்கத் துடுப்புப் போட்ட வயிற்றுக்கு அதைப்போல ஒன்று இல்லை. கடைகளில் விற்கும் உலர் உணவுப் பைகளை நான் விட்டு வருடக்கணக்காகிறது.

இதே முறையில் கொத்திறைச்சியும் உலர்த்தலாம். துண்டு இறைச்சி உலர்ந்தால் எவ்வளவு ஊறினாலும் சப்ப முடியாது. காலைக்கு அவல் போதும், ஊறினால் முடிந்தது. ரொட்டிக்கு மாவையும் உலர்ந்த தேங்காய்ப்பூவையும் உப்பையும் வீட்டிலேயே கலந்து கட்டிக்கொள்ளலாம். முதல் நாள் இரவுக்கு மட்டும் இறைச்சிக்கறியைக் கல்லாக உறையவைத்து இரட்டைப் பையில் எடுத்துப் போங்கள். பின்னேரம் அது உருகும்வரை மற்றச் சாமானையும் குளிராக வைத்திருக்கும்.

அளவில் இரண்டு பக்கமும் பிழை விடுகிறோம். வீட்டில் விருந்துக்குச் சமைக்கும் கணக்கில் கட்டி, பாதியைத் திருப்பிக் கொண்டுவருவது ஒன்று. நாள் கணக்கை இறுக்கிப் பிடிப்பது மற்றது. உலர்ந்த சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராமிலிருந்து 900 கிராம் வரை எனக்குச் சரியாக வந்திருக்கிறது. அதோடு ஒரு நாளுக்கான சாப்பாடு மேலதிகமாக வேண்டும். காற்று விடாவிட்டால் கரையிலேயே குந்தியிருக்க வேண்டிவரும். பசியால் அவசரப்பட்டு அலைக்குள் இறங்கக் கூடாது.

வாசனை

கருவாடும் மாசிச்சம்பலும் வேண்டவே வேண்டாம். அல்கோன்குயினில் கருங்கரடிகள் இருக்கின்றன, அவற்றின் மூக்கு நம் மூக்கைப்போல இல்லை. சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம், குப்பை, சமைத்தபோது உடுத்திய உடுப்பு எதுவும் கூடாரத்துக்குள் போகக்கூடாது. கயாக்கின் துவாரத்துக்குள் வைத்து மூடிவிட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. கரடி வராவிட்டாலும் ரக்கூனும் அணிலும் அந்த ரப்பர் மூடியைக் கடித்துவிடும், திரும்பி வரும்போது அதற்குள் தண்ணீர் ஏறும்.

சாப்பாட்டுப் பையைக் கிளையில் தொங்கவிட 15 அல்லது 20 மீட்டர் கயிறு தனியாக எடுங்கள். நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரம், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி. ஒரு பழைய சொக்ஸுக்குள் கல்லைப் போட்டுக் கயிற்று நுனியில் கட்டி எறிய வேண்டும். இதையும் வீட்டுக்குப் பின்னால் உள்ள பார்க்கில் இரண்டு தரம் எறிந்து பழகுங்கள். இருட்டில், நுளம்புக்கு நடுவே, முதல்தடவை எறிவது லேசில்லை.

சின்னச் சாமான்கள்

தண்ணீர் வடிகட்டியை இரவில் வெளியே விடாதீர்கள். உள்ளே நார்க்குழாய் உள்ள வடிகட்டி ஒருமுறை உறைந்தால் கெட்டுவிடும், கெட்டது வெளியே தெரியவும் மாட்டாது. மே, செப்டெம்பர் இரவுகளில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். சந்தேகமென்றால் தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவையுங்கள்.

கூடார முளைகளை மட்டும் நம்ப முடியாது, பல இடங்களில் கீழே பாறைதான். கல்லில் சுற்றிக் கட்ட ஐந்தாறு சின்னக் கயிறு வேண்டும். மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை கறுப்பு ஈ கடிக்கும், தலைக்கு வலை இல்லாமல் போகாதீர்கள். கைத்தொலைபேசி அநேக இடங்களில் எடுபடாது. அதனால் கடதாசி வரைபடம் ஒன்று.

கடைசியாக வீட்டில் விட்டுச்செல்ல ஒரு தாள். எந்த இறங்குதுறை, எந்த ஏரி, எத்தனை பேர், கயாக் என்ன நிறம், காரின் இலக்கம். அம்மா “எப்ப திரும்புவியள்?” என்று கேட்டால் முன்பெல்லாம் மணித்தியாலக் கணக்குச் சொல்லிவிட்டுப் போவேன். ஒருமுறை காற்றுக்காகக் கரையில் ஏழு மணிநேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிடாமல் வாசலிலேயே இருந்தார். இப்போது தாளில் இரண்டு நேரம் எழுதுகிறேன்: ஞாயிறு பின்னேரம் வருவோம். திங்கள் மத்தியானம் வரை காணாவிட்டால் மட்டும் பூங்காவுக்குக் கோல் எடுங்கோ, நம்பர் கீழே இருக்கு.