நாஜி முகாமிலிருந்து உயிர் பிழைத்த ஒருவரின் வாழ்க்கையை வீட்டிலிருந்தே தேடிப் படிப்பது எப்படி?

இணையதளங்களில் கணக்கு திறப்பது, கடவுச்சொல் போடுவது இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஓரளவு ஆங்கிலம் படிக்க வந்தால் போதும். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று எத்தனை முறை படித்தாலும் எனக்கு அது எண்ணாகவே நின்றது, அதனால் உயிர் பிழைத்த ஒரே ஒரு அம்மாவைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். இரண்டு மாதம் ஆனது.

படி 1: முதலில் குரல், அப்புறம்தான் காகிதம்

திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1994-இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையிடம் உயிர் பிழைத்தவர்கள் பேசும் 50,000-க்கும் மேற்பட்ட காணொளிச் சாட்சியங்கள் இருக்கின்றன. எல்லாமே வீட்டிலிருந்து பார்க்கக் கிடைக்காது, ஆனால் இலவசமாகப் பதிவு செய்தாலே ஆயிரக்கணக்கில் திறக்கும். யேல் பல்கலைக்கழகத் தொகுப்பு இதைவிடப் பழையது, 1979-இல் தொடங்கியது. இருந்தாலும் புதியவர்களுக்கு நான் ஷோவாவைத்தான் சொல்வேன், ஏனென்றால் அங்கே நிமிடத்துக்கு நிமிடம் என்ன பேசப்படுகிறது என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்திலேயே பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் (நோட்டுதான், கைபேசி வேண்டாம்). பிறகு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். அங்கே குடும்பப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி இது யார், எந்த ஊரில் எடுத்தது என்று சொல்வார்கள், சில சமயம் பேரப்பிள்ளைகளும் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். அதைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து கேட்டால் முகாமைப் பற்றிய பகுதி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது.

வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். நான் ஒன்றரை மடங்கில் ஓடவிட்டிருந்தேன். அந்த அம்மா தன் தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டு அதற்குமேல் பேசாமல் இருந்த இடம் எனக்கு ஏதோ இணைப்பு கோளாறு மாதிரித் தெரிந்தது.

படி 2: ஊர்ப்பெயர்கள்

ஆட்சி மாற மாற பெயரும் மாறியிருக்கும். போலந்தின் லோட்ஸ் நகரம் ஜெர்மானியக் காகிதத்தில் லிட்ஸ்மான்ஸ்டாட். லெம்பெர்க், ல்வூவ், ல்விவ் மூன்றும் ஒரே ஊர். எல்லா வடிவத்தையும் எழுதி வையுங்கள்.

படி 3: ஆரோல்சன் ஆவணக்காப்பகம் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் நகரில் இருக்கிறது, நாஜிகளால் பாதிக்கப்பட்ட சுமார் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய தகவல் இருக்கிறது, இணையத்தில் தேடக் காசு கிடையாது. பெயரையும் பிறந்த தேதியையும் போட்டேன். ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் ராத்திரி எழுத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன், வரவே இல்லை.

தப்பு எங்கே என்று புரிந்தது ஹங்கேரி எழுத்தாளர் இம்ரே கெர்த்தேஸின் நோபல் உரையைப் படித்தபோதுதான். புடாபெஸ்டில் 1929-இல் பிறந்தவர், 14 வயதில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் அங்கிருந்து புகன்வால்டு முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டவர். புகன்வால்டின் 1945 பிப்ரவரி 18 தேதியிட்ட அறிக்கையின் நகல் ஒன்று பல வருடம் கழித்து அவருக்கு வந்தது. அதில் 64921 எண் கைதி, இம்ரே கெர்த்தேஸ், ஆலைத் தொழிலாளி, பிறப்பு 1927, இறந்துவிட்டார் என்று இருக்கிறது. சின்னப் பையன் என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்று வயதில் இரண்டைக் கூட்டிச் சொன்னவர் அவரேதான், மாணவன் என்பதைத் தொழிலாளி என்று மாற்றியதும் அவர்தான். இறந்ததாக எழுதப்பட்டவர் 2002-இல் நோபல் வாங்கி 2016 வரை வாழ்ந்தார்.

அதனால் பிறந்த தேதியை எடுத்துவிட்டுத் தேடுங்கள். பெயரும் ஊரும் மட்டும் போதும். நான் தேடிய அம்மாவின் முகாம் அட்டை உடனே வந்தது, பிறந்த ஆண்டு இரண்டு வருடம் முந்தி இருந்தது. அதைத் திருத்தி எழுதாதீர்கள், இரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பொய்யால்தான் அவர் பிழைத்திருக்கக்கூடும்.

படி 4: அட்டையைப் படிப்பது

கையெழுத்தைப் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடாதீர்கள், உளறும். ஆரோல்சனே ஒவ்வொரு வகை அட்டைக்கும் கட்டம் கட்டமாக விளக்கம் வைத்திருக்கிறது, அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய யூதப் பெண்களின் பெயரில் ‘சாரா’ என்றும் ஆண்களின் பெயரில் ‘இஸ்ரேல்’ என்றும் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், 1939 ஜனவரியிலிருந்து சட்டம் போட்டு ஒட்டிய பெயர் அது.

படி 5: போருக்குப் பிறகு

பலர் விடுதலையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த காகிதமே அதற்குப் பிறகு வருவதுதான். சிஎம்/1 என்ற, அகதிகள் உதவி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம். கடந்த ஆண்டுகளில் எங்கெல்லாம் இருந்தாய், என்ன வேலை தெரியும், எந்த நாட்டுக்குப் போக ஆசை என்று கேட்டு நிரப்பியிருப்பார்கள். முகாம் அட்டையில் வெறும் எண்ணாக இருந்தவர் இதில் இன்ன நாட்டுக்குப் போக வேண்டும் என்று வாய்திறந்து சொல்கிறார்.

பின்சேர்க்கை: தங்கையின் பெயர் எங்கேயும் கிடைக்கவில்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆஷ்விட்சில் இறங்கியதும் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணும் போடவில்லை, அட்டையும் எழுதவில்லை. அவர்களை இஸ்ரேலில் இருக்கும் யாத் வஷெம் நினைவகத்தின் பெயர்ப் பட்டியலில் தேடுங்கள், உறவினர்கள் தங்கள் கைப்பட நிரப்பிக் கொடுத்த சாட்சியத் தாள்கள் அங்கே இருக்கின்றன. நான் தேடிய தங்கையின் தாளைக் கொடுத்திருந்தது அந்த அம்மாதான்.

இன்னொன்று: அட்டையில் 1-ஐயும் 7-ஐயும் குழப்பிக்கொள்கிறீர்கள். குறுக்கே கோடு இருந்தால்தான் 7.