கடல் ஏத்த வத்தம், டிஸ்டிலரி கழிவு: ரெண்டையும் சேத்து கரண்ட் எடுக்குறது எப்படி

ஸ்காட்லாந்து மேற்குக் கரையில ஐலான்னு ஒரு தீவு, அதுக்கும் பக்கத்துல இருக்குற ஜூரா தீவுக்கும் நடுவுல ஒடுக்கமா ஒரு ஜலசந்தி. அமாவாசை பௌர்ணமி ஒட்டி அதுல தண்ணி 5 நாட் (செகண்டுக்கு சுமார் 2.5 மீட்டர்) வேகத்துல ஓடும். கரையிலயே கல் ஈலான்னு ஒரு விஸ்கி டிஸ்டிலரி இருக்கு, அந்தப் பேருக்கு கேலிக் மொழில ஐலா ஜலசந்தின்னுதான் அர்த்தம். தீவுல இருக்குற டிஸ்டிலரி கழிவு பல காலமா லாரில ஏறி இங்க வந்து குழாய் வழியா இதே கடல்லதான் கலந்துச்சு. 2011-ல இந்த எடத்துல நீரோட்டத்துல சுத்துற 1 மெகாவாட் டர்பைன் 10 போட ஸ்காட்லாந்து அரசு அனுமதி குடுத்துச்சு, அந்த 10-ம் தண்ணிக்குள்ள இறங்கல. எனக்கு அது பெரிய வருத்தம். ஏன்னா ஓடுற தண்ணியும் புளிச்ச கழிவும் ஒண்ணோட கொறைய இன்னொண்ணு சரிபண்ற ஜோடி. இப்படி ஒரு எடத்துக்கு பிளான் போடுறது எப்படின்னு சொல்றேன்.

மொதல்ல தண்ணி வேகம். ஒரு பாட்டில்ல முக்காவாசி தண்ணி ஊத்தி மூடுங்க, கழுத்து மட்டும் வெளிய தெரியுற மாதிரி மெதக்கணும், காலியா விட்டா காத்து தள்ளிட்டுப் போயிடும், கணக்கே தப்பாயிடும். படகுலேந்து அத விட்டு 50 மீட்டர் போக எத்தன செகண்ட் ஆகுதுன்னு பாருங்க. 20 செகண்ட்னா செகண்டுக்கு 2.5 மீட்டர் வேகம், அருமையான எடம். 50 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா அந்த எடத்த மறந்துடலாம். நல்லா வந்தா அடுத்து கடல் தரையில டாப்ளர் கருவி (ஒலி அனுப்பி நீரோட்ட வேகத்த அளக்குறது) வெச்சு ஒரு சந்திர மாசம் முழுக்க அளக்கணும், ரெண்டு மூணு நாள் அளந்துட்டு முடிவு பண்ணவே பண்ணாதீங்க.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா சக்தி வேகத்தோட மும்மடில (கியூப்) போகுது, வேகம் பாதியானா கரண்ட் எட்டுல ஒரு பங்குதான். 18 மீட்டர் விட்டம் இருக்குற ரோட்டர எடுத்துக்கோங்க, ஸ்காட்லாந்து வடக்குக் கரையில பென்ட்லண்ட் ஃபர்த்ங்கற ஜலசந்தில மெய்ஜென் திட்டத்துல ஓடுற 1.5 மெகாவாட் டர்பைன்கள் இந்த சைஸ்தான். 2.5 மீட்டர் வேகத்துல அந்த வட்டத்துக்குள்ள போற தண்ணில 2 மெகாவாட் சக்தி இருக்கும், அதுல 40 சதவீதம் புடிச்சா 800 கிலோவாட். அதே தண்ணி 1.25 மீட்டர்ல ஓடுனா வெறும் 100 கிலோவாட்.

ஏத்தம் வத்தமா திரும்புறப்ப தண்ணி கொஞ்ச நேரம் அப்டியே நிக்கும், ஒரு நாளைக்கு நாலு தடவ கிட்ட இது நடக்கும், வேகம் 1 மீட்டருக்கு கீழ போனா டர்பைன் பெரும்பாலும் சுத்தாது. உச்ச வேகம் 3 மீட்டர் இருக்குற நல்ல எடத்துலயே ஒவ்வொரு தடவையும் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல போயிடும், மொத்தத்துல நாளுக்கு 5 மணி நேரம் கரண்ட் இல்ல. ஆனா இது காத்தாலை மாதிரி இல்ல, எப்ப நிக்கும்னு அடுத்த வருஷத்துக்கே இப்பவே அட்டவணை போட்டு வெச்சுக்கலாம். அந்த 5 மணி நேரத்துக்குத்தான் கழிவு.

மால்ட் விஸ்கில ரெண்டு முக்கியமான கழிவு. ஒண்ணு டிராஃப், அதாவது சத்து எடுத்த பார்லி சக்கை. இன்னொண்ணு பாட் ஏல், மொத தடவ காய்ச்சி வடிச்சப்புறம் செப்புப் பாத்திரத்துல மிஞ்சுற பழுப்புத் தண்ணி. டிராஃப்ப எரிச்சும் கரண்ட் எடுக்கலாம், ஸ்காட்லாந்துல ராத்தஸ் ஊர்ல மரச்சில்லோட சேத்து எரிக்கிற பிளான்ட் 2013-லேந்து இருக்கு. ஆனா தீவுல மாடு வளக்குறவங்க அத தீவனமா நம்பி இருப்பாங்க, அவங்க கிட்டேந்து புடுங்காதீங்க. பாட் ஏல் மட்டும் எடுங்க. அத டைஜெஸ்டர்ல, அதாவது காத்து போகாத மூடுன தொட்டில, நுண்ணுயிர் மக்க வெச்சா மீத்தேன் கேஸ் வரும்.

கணக்கு இப்டி வரும். 1 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு சுமார் 8 லிட்டர் பாட் ஏல். வருஷம் 10 லட்சம் லிட்டர் எடுக்குற டிஸ்டிலரின்னா 8,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர்ல சிஓடி (கழிவு எவ்ளோ கெட்டின்னு காட்டுற அளவு) 40 கிலோன்னு வெச்சுப்போம், அதுல 30 கிலோ மக்குனா பத்தரை கன மீட்டர் மீத்தேன், கேஸ் எஞ்சின்ல விட்டா சுமார் 40 யூனிட் கரண்ட். வருஷத்துக்கு 3.2 லட்சம் யூனிட். ஒரு 1.5 மெகாவாட் டைடல் டர்பைன் நல்லா ஓடுனா இதவிட பத்து மடங்குக்கு மேல தரும். அப்ப இது சின்னது தானேன்னு தோணும், ஆனா கேஸ சேத்து வெக்கலாம். நாள் பூரா எஞ்சின ஓட்டுனா 36 கிலோவாட்தான், தண்ணி நிக்கிற அந்த 5 மணி நேரம் மட்டும் ஓட்டுனா 170 கிலோவாட் கிட்ட கெடைக்கும். சேமிக்க 100, 150 கன மீட்டர் பலூன் போதும். எஞ்சின் சூட்ட வீணாக்காம டைஜெஸ்டர 37 டிகிரில வெக்க யூஸ் பண்ணுங்க.

பதினாலு பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ இன்னொரு சிக்கல் வரும். அஷ்டமி நவமி ஒட்டி நீரோட்டமே சோம்பிடும். அந்த நாலஞ்சு நாளைக்கு பலூன் கேஸ் பத்தவே பத்தாது, அதனால கேஸ சேக்காம பாட் ஏல சேக்கணும், ஒரு பெரிய மூடுன டேங்க்ல வெச்சு ஓட்டம் நல்லா இருக்குற நாள்ல கொறச்சலாவும் இந்த நாள்ல கூடவும் ஊட்டணும்.

கூடன்னா ஒரேயடியா இல்ல. நான் வேல பாத்த ஒரு மொலாசஸ் டிஸ்டிலரில லீவு முடிஞ்ச திங்கக்கிழம காலைல ரெண்டு மடங்கு ஸ்பென்ட் வாஷ (காய்ச்சி வடிச்சப்புறம் மிஞ்சுற கழிவுத் தண்ணி) டைஜெஸ்டர் உள்ள விட்டோம். மதியம் நல்ல கேஸ், எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் மூடி ஓரமா நுரை வழியுது, புளிச்ச மாவும் வினிகரும் கலந்த வாட, பிஹெச் 7.2-லேந்து 6.3-க்கு எறங்கிருச்சு, மிச்ச கேஸ எரிச்சு விடுற ஃப்ளேர்ல எரிஞ்ச நீல நெருப்பு துடிச்சு துடிச்சு அணைஞ்சது. ஊட்டுறத நிறுத்தி சுண்ணாம்பும் சாணிக் கரைசலும் விட்டு மீட்டெடுக்க மூணு வாரம் ஆச்சு. அதுலேந்து நாளுக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்த மாட்டேன், பிஹெச்ச மட்டும் நம்பாம எளிதா ஆவியாகுற அமிலத்துக்கும் காரத்துக்கும் இருக்குற விகிதத்த தினமும் பாப்பேன், அது ஏற ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் பிஹெச் விழும்.

கேஸ்ல ஹைட்ரஜன் சல்ஃபைட் இருக்கும், அத எடுக்காம எஞ்சினுக்கு விட்டா ஆயில் கெட்டு பேரிங் அரிக்கும், அளவு கூடுனா ஆளையே சாய்க்கும். மூக்க நம்பாதீங்க, அளவு ஏறுனா வாடையே தெரியாமப் போயிடும், கழுத்துல டிடெக்டர் இல்லாம யாரும் பக்கத்துல போகக்கூடாது. மக்குன கழிவ வயல்ல விடுறதுக்கு முன்னாடி காப்பர் எவ்ளோன்னு டெஸ்ட் பண்ணுங்க, செப்புப் பாத்திரத்துலேந்து கரைஞ்சு வரும்.

சென்னைல பண்ணலாமான்னு கேட்டா, அங்க ஏத்த வத்த வித்தியாசம் ஒரு மீட்டர் சுமார்தான், டைடல் பக்கம் தேறாது. குஜராத்ல கம்பாத் வளைகுடா, கட்ச் வளைகுடால பாக்கலாம். ஆனா நம்ம ஊரு ஸ்பென்ட் வாஷ் பாட் ஏலவிட ரெண்டு மூணு மடங்கு கெட்டி, கழிவுலேந்து கரண்ட் எடுக்குற பாதிய இங்கயே செய்யலாம்.

கடைசியா, விஸ்கி டிஸ்டிலரி வருஷத்துல சில வாரம் மராமத்துக்கு மூடுவாங்க. டைஜெஸ்டர பட்டினி போடாதீங்க, டேங்க்ல கொஞ்சம் மிச்சம் வெச்சு வழக்கமா ஊட்டுறதுல பத்துல ஒரு பங்கு தினமும் ஊட்டுங்க, சூடு 30 டிகிரிக்கு கீழ போக விடாதீங்க.