டி-டைமர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை வலிக்கிறது என்று போனால், டாக்டர் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையை எழுதித் தரக்கூடும். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பைப் பார்த்ததும் ‘இரத்தம் கட்டிவிட்டது’ என்று வீடே பதறும். அந்த எண் அப்படிச் சொல்லவில்லை.

இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்தே ஓடுகிறது. உறைதல் தொடங்கியதும் திராம்பின் என்ற நொதி அதை வெட்டி ஃபைப்ரின் இழையாக்கும். 13-ஆம் உறைதல் காரணி அந்த இழைகளைக் குறுக்கே தைத்து இறுக்கும். சிரைக்குள் அடைக்கும் இரத்தக்கட்டி பெரும்பாலும் இந்த வலையும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும்தான். பிறகு பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி வலையைக் கத்தரிக்கும்போது, தையல் பிரியாமல் உதிரும் துணுக்கே டி-டைமர். எங்கோ வலை பின்னி அறுபடுகிறது என்பதற்கு அது சாட்சி. எங்கே, எதனால் என்பது அதற்குத் தெரியாது. பிரசவம், அறுவை சிகிச்சை, நிமோனியா, புற்றுநோய், டெங்கு என எதிலும் அது ஏறும்.

அதனால் இரத்தம் எடுப்பதற்கு முன், சிரையில் இரத்தக்கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் வெல்ஸ் மதிப்பெண் போட வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு முண்டிலிருந்து 10 செ.மீ. கீழே, இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் சுற்றி அளக்கவும். வித்தியாசம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 1. கால் முழுக்க வீக்கம், புற்றுநோய் சிகிச்சை, 3 நாளோ அதற்கு மேலோ படுக்கை அல்லது 12 வாரத்துக்குள் பெரிய அறுவை சிகிச்சை, முன்பே சிரையில் இரத்தக்கட்டி வந்த வரலாறு போன்றவற்றுக்கும் தலா 1. வேறு காரணமும் அதே அளவு பொருந்தினால் 2 கழிக்கவும். மொத்தம் 2 அல்லது மேல் என்றால் நேரே சிரைகளைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். அதற்குக் கீழே இருந்தால்தான் டி-டைமர். மாஸ்டர் செக்கப் பட்டியலில் இதைச் சேர்ப்பது காசுக்குக் கேடு.

மாதிரி எடுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாய். 2.7 மில்லி குழாய் என்றால் கோடு வரை நிரம்ப வேண்டும், ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். குறைந்தால் பிளாஸ்மா நீர்த்துவிடும். எடுத்தவுடன் மெதுவாக 3, 4 முறை கவிழ்த்து நிமிர்த்தவும்; குலுக்கக் கூடாது. குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

பெரிய குழி அலகில் இருக்கிறது. எஃப்.இ.யு (ஃபைப்ரினோஜனுக்கு ஈடான அளவு), டி.டி.யு (டி-டைமரின் அளவு) என்று இரண்டு உண்டு. முதல் அலகின் எண் இரண்டாவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வழக்கமான வரம்பு மில்லிக்கு 500 நானோகிராம் எஃப்.இ.யு (அதாவது 0.5 மைக்ரோகிராம்). ரிப்போர்ட்டில் 380 என்று இருக்கிறதே, 500-க்குக் கீழ்தானே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அது டி.டி.யு-வாக இருந்தால் ஏறக்குறைய 760 எஃப்.இ.யு. வேறு லேபின் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவதும் இதனால்தான் வம்பு.

50 வயது தாண்டினால் வரம்பும் ஏறும்: வயதைப் பத்தால் பெருக்கவும். 72 வயதுக்காரருக்கு 720 எஃப்.இ.யு வரை ஏற்கலாம். டி.டி.யு என்றால் ஐந்தால் பெருக்கவும்.

குறைந்த எண்ணும் சில நேரம் ஏமாற்றும். ஹெப்பாரினோ வார்ஃபரினோ போன்ற உறைவுத் தடுப்பு மருந்து ஏற்கெனவே தொடங்கியிருந்தால், வீக்கம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், கட்டி கெண்டைக்குள் சின்னதாக இருந்தால் டி-டைமர் வரம்புக்குள்ளேயே நிற்கக்கூடும். வெல்ஸ் மதிப்பெண்ணும் குறைவு, டி-டைமரும் வரம்புக்குள் என்றால், கட்டி இல்லை என்று நம்பி வேறு காரணம் தேடலாம். வரம்பைத் தாண்டினால் டாப்ளர். தொடை, முழங்கால் சிரைகளை மட்டும் பார்த்த டாப்ளரில் ஒன்றும் தெரியாவிட்டால், 6 முதல் 8 நாளில் திரும்ப ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். கெண்டையில் இருந்த கட்டி அதற்குள் மேலேறியிருக்கலாம். இடையில் திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.