சாயமே இல்லாத நிறம்: சிலிக்கா உருண்டைகளில் ஓபல் படலம் செய்வது எப்படி

ஓபல் கல் மின்னுவதற்குச் சாயம் எதுவும் காரணமில்லை. ஒரே அளவுள்ள நுண் சிலிக்கா உருண்டைகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், குறிப்பிட்ட அலைநீள ஒளி மட்டும் வலுப்பெற்றுத் திரும்புகிறது. ஸ்டோபர், ஃபிங்க், போன் மூவரும் 1968-ல் வெளியிட்ட முறையில் அந்த உருண்டைகளை நாமே செய்துகொள்ளலாம். அடுக்கும் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும், அளவில் வேறுபாடு இல்லாதவரை.

முதலில் எந்த நிறம் என்று முடிவு செய்யுங்கள். நேராகப் பார்க்கும்போது திரும்பும் ஒளியின் அலைநீளம் உருண்டையின் விட்டத்தைப் போலச் சுமார் 2.2 மடங்கு. 210 நானோமீட்டர் நீலம் தரும், 250 பச்சை, 300 சிவப்பு.

300 நானோமீட்டர் உருண்டைக்கான அளவுகள்: தூய எத்தனால் 85 மி.லி., 28% அமோனியாக் கரைசல் 6.8 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 4.6 மி.லி., டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் (சிலிக்காவின் மூலப்பொருள், இனி சிலிகேட்) 3.8 மி.லி. பச்சை வேண்டுமென்றால் அமோனியாவை 5.1 ஆகக் குறைத்து நீரை 5.7 ஆக்குங்கள், 240-ஐ ஒட்டி வரும். இவை தோராயம்தான். வெப்பநிலை கூடினால் உருண்டை சிறுக்கும், ஆகவே 25 டிகிரியில் நிலையாக வைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

சிலிகேட் ஆவி கண்ணைக் கடுமையாக எரிக்கும், எத்தனால் தீப்பற்றும். எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அறை), பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து. சிலிகேட் தவிர மற்றவற்றை நன்கு கழுவிய குடுவையில் கலந்து காந்தக் கலக்கியில் சுழல விடுங்கள். பிறகு சிலிகேட்டை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் உருண்டைகள் வெவ்வேறு நேரத்தில் பிறந்து அளவு கலைந்துவிடும். சில நிமிடங்களில் கரைசல் நீலம் கலந்த வெண்மையாகும். ஓர் இரவு விட்டுவிடுங்கள். சுமார் 1 கிராம் சிலிக்கா கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் அளவு மாறுகிறதா? பெரும்பாலும் குற்றவாளி அமோனியா பாட்டில்தான். அடிக்கடி திறந்தால் வாயு வெளியேறி வீரியம் குறைகிறது, உருண்டையும் சிறுக்கிறது. பெரிய உருண்டைகளுக்கிடையே பொடிசுகள் தெரிந்தால் குடுவையில் அழுக்கு இருந்திருக்கலாம், அல்லது சிலிகேட் பழையதாகி ஈரம் இழுத்திருக்கலாம். விட்டத்தின் வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இல்லாத தொகுதியைத் தூர ஊற்றுவதே மேல். அடுத்த கட்டத்தில் எந்தத் திறமையும் அதைக் காப்பாற்றாது.

மையவிலக்கியில் சுற்றி, தெளிவை வடித்து, புது எத்தனால் ஊற்றி, அல்ட்ராசோனிக் (மீயொலி) தொட்டியில் உருண்டைகளை மீண்டும் பிரித்துக் கலக்குங்கள். மூன்று முறையாவது செய்ய வேண்டும். அமோனியா நெடி மிச்சமிருந்தால் கழுவியது போதாது.

இனி படலம். கண்ணாடித் தகட்டைச் சோப்பிலும் எத்தனாலிலும் கழுவி, முடிந்தால் பிளாஸ்மாவிலும் (மின்னேற்றம் பெற்ற வாயு) காட்டுங்கள். நீர்த்துளி உருளாமல் பரவினால் தகடு தயார். 1% சிலிக்கா கொண்ட எத்தனால் கலவையில் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதிர்வும் காற்றும் படாத இடத்தில் வையுங்கள். எத்தனால் ஆவியாகும்போது திரவ விளிம்பை நோக்கி ஓட்டம் உண்டாகி உருண்டைகளை அங்கே சேர்க்கிறது. திரவம் வற்றும்போது தந்துகி விசை அவற்றை நெருக்கி அடுக்குகிறது. செறிவு கூடினால் அடுக்குகளும் கூடும்.

300 நானோமீட்டர் உருண்டை எத்தனாலில் நாளொன்றுக்குச் சுமார் 4 மி.மீ. கீழிறங்கும். அதற்கு வெகுவாகப் பெரியவை படலம் முடியும் முன்பே அடியில் தங்கிவிடும். அவற்றுக்குக் கலவையை இளஞ்சூட்டில் வைத்து ஆவியாதலை விரைவுபடுத்த வேண்டும். கிடைமட்டப் பட்டைகள் தெரிந்தால் திரவ விளிம்பு ஓரிடத்தில் ஒட்டி நின்று பின் சறுக்கியிருக்கிறது: பெரும்பாலும் அழுக்குத் தகடு அல்லது காற்றோட்டம்.

வெடிப்புகள்தான் பெரிய தொல்லை. ஈரம் ஏறிய உருண்டைகள் உலரும்போது சுருங்குகின்றன, தகடு சுருங்குவதில்லை. உருண்டைகளைப் பொடியாக உலர்த்தி, 600 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, மீண்டும் எத்தனாலில் பிரித்துப் பயன்படுத்தினால் வெடிப்பு கணிசமாகக் குறையும். அதிகம் சுட்டால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியாமல் போகும்.

படலத்தைச் சாய்த்துப் பாருங்கள்: நிறம் நீலத்தை நோக்கி நகர வேண்டும். எந்தக் கோணத்திலும் வெள்ளையாகவே தெரிந்தால் அடுக்கு ஒழுங்காக இல்லை. எத்தனால் ஒரு துளி விட்டால் இடைவெளிகள் நிரம்பி நிறம் மங்கும், சற்றே சிவப்புப் பக்கம் நகரும். உலர்ந்ததும் பழைய நிறம் திரும்பும். ஆவி உணரிகளுக்கு அடிப்படை இந்த மாற்றம்தான். உலர்ந்த படலத்தின் இடைவெளிகளில் பிசின் நிரப்பிக் கெட்டியாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சிலிக்காவைக் கரைத்தால் துளைகள் நிறைந்த பாலிமர் வலை கிடைக்கும். பிசின் மேலே தனி அடுக்காகத் தங்கியிருந்தால் கரைசல் உள்ளே நுழையாது, அதனால் கெட்டியாகும் முன் மிகுதியை வழித்துவிடுங்கள்.